உச்சி வெயில் கோலம்

ஒரு ஊர்ல ஒரு வெல்ல மண்டி இருந்துச்சாம். ஊர் பேரு கன்னலூர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு, தெருவுக்குத் தெரு கொப்பரையில பாகு கொதிக்கிற வாசனை. அந்த ஊர்ல பிள்ளைங்க அழுதா தூக்கவே வேண்டாமாம், வாயைத் திறந்து வெச்சுக்கிட்டா காத்தே இனிச்சு சமாதானம் பண்ணிடுமாம். ஏ செம்பருத்தி, நீ ஏன் இப்ப வாயைத் திறக்கிறே? இது அந்த ஊர் இல்ல, மூடு.

அந்த மண்டிக்குச் சொந்தக்காரி உமையாள் ஆச்சி. ஆச்சி நல்லவதான், ஆனா கொஞ்சம் பயந்த மனசு. மண்டிக்கு ராத்திரிக் காவக்காரன் ஒருத்தன் இருந்தான், அவன் பேரு வீமன். ஆள் பனைமரம் மாதிரி உசரம், மீசை இந்தக் காதுல தொடங்கி அந்தக் காதுல முடியும், ஆனா பல்லி விழுந்தா மட்டும் "ஐயோ பூரணி"ன்னு கத்துவான். பூரணி அவன் பெண்டாட்டி. மண்டியில பெருக்கற வேலை அவளுக்கு. ஊர்ல அவளுக்கு இன்னொரு பேரு இருந்துச்சு, அசட்டுப் பூரணி. ஏன்னு கேக்கறியா? அவளும் அப்படித்தான், எதுக்கெடுத்தாலும் ஏன், ஏன், ஏன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. கேள்வி கேக்கறவளை அசடுன்னு சொல்றது அந்த ஊர் வழக்கம். இந்த ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்?

சரி, கேளு. ஒருநாள் மண்டியில வெல்லம் காணாமப் போச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூடை மண்டை வெல்லம். ஆச்சி பயந்துட்டா. உடனே ஆளனுப்பி ஊர்ப் பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொன்னா. அவர் பேரு சாமர்த்தியலிங்கம். பேருக்கேத்த கை. அவர் செய்யற பித்தளைப் பூட்டுல மூஞ்சி பார்த்து பொட்டு வெச்சுக்கலாம், அப்படி மினுக்கி வெச்சிருப்பார். எதுவும் நேரா இருக்கணும் அவருக்கு. சுவத்துல படம் கோணலா தொங்கினா அடுத்த வீட்டுக்குள்ள போயாவது நேராக்கிட்டு வருவார்.

அவர் வந்தார், பார்த்தார், நாக்கைச் சப்புக் கொட்டினார். "ஆச்சி, உங்க பூட்டு சின்னது. பெரிய பூட்டு போட்டா திருடன் கிட்டயே வரமாட்டான்"னு சொல்லி, தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு செஞ்சு மாட்டினார். சாவியை ஆச்சி இடுப்புல சொருகிக்கிட்டா.

அடுத்த மாசம் மறுபடியும் ஒரு கூடை வெல்லம் போச்சு. ஆச்சி கூப்பிட்டா, அவர் வந்தார், பார்த்தார், நாக்கைச் சப்புக் கொட்டினார். "ஆச்சி, இந்தப் பூட்டும் சின்னது"ன்னார். இந்தத் தடவை ஆட்டுத்தலை அளவுக்கு ஒரு பூட்டு. சாவியே ஒரு முழம்.

அதுக்கடுத்த மாசம் ரெண்டு கூடை போச்சு. ஆச்சி கூப்பிட்டா, அவர் வந்தார், பார்த்தார், நாக்கைச் சப்புக் கொட்டினார். இந்தத் தடவை பூசணிக்காய் அளவுக்கு ஒரு பூட்டு. அந்தச் சாவியை இடுப்புல சொருகிச் சொருகி ஆச்சி ஒரு பக்கமாச் சாஞ்சே நடக்க ஆரம்பிச்சுட்டா. பூட்டு பெருசாக பெருசாக வெல்லம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சே தவிர, திருட்டு நிக்கல. உங்களுக்கு இப்பவே ஏதோ தெரிஞ்சிடுச்சு போல இருக்கே? தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு கேளுங்க, தெரியாதவன் ஒருத்தன் இங்க மடியில படுத்திருக்கான்.

கார்த்திகை போய் மார்கழி வந்துச்சு. கன்னலூர்ல தை மொத நாளைக்கு ராசா ஊருக்கே ஒரே பானையில பொங்கல் வைப்பார், அந்த வெல்லம் ஆச்சி மண்டியிலேர்ந்துதான் போகும். அரண்மனை ஆளுங்க கூடையை எண்ண வந்தாங்க. மண்டியில எண்ணும்போது யாரும் "ஒண்ணு"ன்னு தொடங்க மாட்டாங்க, "லாபம், ரெண்டு, மூணு"ன்னுதான் தொடங்குவாங்க. அன்னிக்கு லாபம்னு தொடங்கி நட்டத்துல முடிஞ்சுது. தெரிஞ்சு போனது நாலு, தெரியாமப் போனது ஆறு, ஆக மொத்தம் பத்து கூடை குறையுது!

ராசாவே நேர்ல வந்துட்டார். ராசா நல்ல மனுசன், ஆனா அவசரக்காரர், அதுலயும் சக்கரைப் பொங்கல்னா அவருக்கு உசிரு. "ராத்திரியில மண்டிக்கு யார் காவல்?"னு கேட்டார். வீமன் முன்னால வந்து நின்னான். ராசா அவனை மேலயும் கீழயும் பார்த்தார். பார்த்தா, மீசையில ஒரு வெல்லத் துணுக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது.

"மீசையில வெல்லம்!"னு ராசா கத்தினார்.

"மகாராஜா, அது ஆச்சி குடுத்தது. தினம் காலையில காவல் முடிஞ்சு போறப்ப ஒரு கட்டி குடுப்பாங்க"ன்னான் வீமன்.

"ஆமா மகாராஜா, நான்தான் குடுத்தேன்"னா ஆச்சி. ஆனா பயத்துல குரலே வரல, அவளுக்கே கேக்கல.

ராசா தீர்ப்புச் சொல்லிட்டார். "தை பொறக்கறதுக்குள்ள திருடன் யாருன்னு தெரியணும். தெரியலேன்னா வீமன் மீசையைச் செரைச்சுட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போகணும்!"

வீமன் வீட்டுக்கு வந்து மீசையைத் தடவிக்கிட்டே உக்காந்துட்டான். கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. அவங்க வீடு சின்ன வீடு, பின்னால ஒரு முருங்கை. அது பூரணி நட்ட மரம், மூணு வருசமா தண்ணி ஊத்தி இப்பத்தான் மொத மொதலா பூ எடுத்திருக்கு.

"மீசை போனாப் போகுது மாமா, அது மறுபடியும் மொளைக்கும்"னா பூரணி. "முருங்கையை எப்படித் தூக்கிட்டுப் போறது? திருடாம திருட்டுப் பட்டத்தோட நாம ஏன் போகணும்?"

"அழாம வேற என்ன புள்ள செய்ய?"

"அழுதா வெல்லம் வருமா? எழுந்திருங்க, கேள்வி கேப்போம்."

மறுநாள் விடிஞ்சதும் பூரணி ஆச்சி முன்னால போய் நின்னா. "ஆச்சி, நான் உங்க மண்டிக்குள்ள எலியாப் போகட்டுமா?"ன்னு கேட்டா.

"அடியே, உனக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சா?"

"நான் எலியா இருந்தா எங்க நுழைவேன்னு பாக்கணும் ஆச்சி. எலியா ஒரு சுத்து, மழையா ஒரு சுத்து, எறும்பா ஒரு சுத்து. அப்புறம் திருடியா ஒரு சுத்து."

ஆச்சிக்கு இருக்கிற கவலையில சிரிப்பு வந்துடுச்சு. சரி போன்னுட்டா.

பூரணி புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, நாலு காலால மண்டியைச் சுத்திச் சுத்தி ஊர்ந்தா. மண்டியாளுங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. பின்பக்கம் தண்ணி போற மடையில அவ தலை உள்ள போயிடுச்சு. "தலை போனா எலி போகும்!"னு உள்ளேர்ந்தே கத்தினா. அப்புறம் தலை வெளிய வரல, ரெண்டு பேர் காலைப் பிடிச்சு இழுத்தாங்க. அந்த மடையில கள்ளி முள்ளை வெச்சு அடைச்சாங்க. எலி போச்சு.

அப்புறம் மழை. ஏணியைச் சாத்தி, ஒரு குடம் தண்ணியோட கூரை மேல ஏறி, ஓட்டுக்கு ஓடு ஊத்திக்கிட்டே போனா. மூணாவது வரிசைக்கு வந்தப்போ கீழேர்ந்து "ஐயோ!"ன்னு ஆச்சி குரல். தலையெல்லாம் நனைஞ்சு நிக்கிறா. "ஓட்டை கிடைச்சிடுச்சு ஆச்சி, அசையாம அங்கேயே நில்லுங்க, குறி வெச்சுக்கறேன்!"னா பூரணி. அந்த இடத்துல வேற ஓடு மாத்தினாங்க. மழை போச்சு.

அப்புறம் எறும்பு. வெல்ல மண்டியில எறும்புக்குப் பூட்டு போட முடியுமா? "எறும்பை விரட்டக் கூடாது ஆச்சி, அதுக்கு வாசல்லயே சோறு போட்டுட்டா அது ஏன் உள்ள வரப் போகுது?"ன்னு சொல்லி, தினம் வாசல்ல பச்சரிசி மாவுல கோலம் போடச் சொன்னா. ஆச்சி மருமக அதுவரைக்கும் கல்மாவுலதான் போட்டுக்கிட்டு இருந்தா. அரிசி மாவுக்கு மாத்தினா. எறும்பெல்லாம் சாரை சாரையா வந்து வாசலோட சாப்பிட்டுட்டு வாசலோட போச்சு.

எலி போச்சு, மழை போச்சு, எறும்பும் போச்சு. மிச்சம் திருடன்.

பூரணி மண்டிக்கு எதிர்ல வேப்பமரத்தடியில உக்காந்துட்டா. ஒரு முழு நாள், கண்ணைக் கொட்டாம. சாயங்காலம் ஆச்சிகிட்ட வந்து கேட்டா:

"ஆச்சி, ராத்திரியில எத்தனை பேர் காவல்?"

"இப்ப எட்டுப் பேர் போட்டிருக்கேன்டி. உன் புருசனோட ஒம்பது."

"மத்தியானம் எத்தனை பேர்?"

"மத்தியானமா? மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போவாங்க. சாப்பிட்டா கண்ணு சொருகும். ரெண்டு நாழிகை கழிச்சுத்தான் வருவாங்க. பூட்டுதான் இருக்கே!"

"அப்ப உச்சி வெயில்ல மண்டிக்கு யார் காவல்?"

ஆச்சி எண்ணிச் சொல்ல விரலை மடக்கப் போனா. மடக்க ஒரு ஆள் பேரும் கிடைக்கல. ஏன்னா, அந்த நேரத்துல ஒரு ஈ காக்கா இல்ல. திருடன்னா இருட்டுலதான் வருவான்னு ஊரே முடிவு பண்ணி வெச்சிருந்தா, திருடன் வெளிச்சத்துலதான் வருவான்!

வீமன் துள்ளிக் குதிச்சான். "நாளைக்கு மத்தியானம் நான் ஒளிஞ்சு நிக்கிறேன், வரட்டும் பய!"

"உங்களை எங்க மாமா ஒளிக்கிறது? கதவுக்குப் பின்னால நின்னா மீசை ரெண்டு பக்கமும் வெளிய தெரியும். மோப்பம் பிடிச்சா அவன் வரமாட்டான், வேற வழி தேடுவான். அப்படியே பிடிச்சாலும், மீசையில வெல்லம் ஒட்டினவன் பேச்சை ராசா நம்புவாரா? திருடன் அவன் வாயாலயே சொல்லணும்."

அப்புறம் பூரணி என்ன செஞ்சா தெரியுமா? தினம் மத்தியானம் மண்டியைப் பூட்டி, ஆளுங்க எல்லாம் போனதுக்கு அப்புறம், உச்சி வெயில்ல கதவை ஒட்டி அரிசி மாவுல ஒரு கோலம் போட்டா. காலையில ஆச்சி மருமக போட்ட கோலம் அதுக்குள்ள ஆளுங்க காலடி பட்டு அழிஞ்சு போயிருக்கும். அந்த இடத்துல புதுசா இவ கோலம். ஆளுங்க திரும்பி வரதுக்கு முன்னால வந்து பார்ப்பா, பார்த்துட்டு அழிச்சிடுவா. விஷயம் ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும். ஆச்சி தலையில அடிச்சுக்கிட்டா. "உச்சி வெயில்ல யாராவது கோலம் போடுவாங்களாடி? கேட்டா ஊர் சிரிக்கும்!"

"ஊருக்குச் சொன்னாத்தானே சிரிக்கும் ஆச்சி? நீங்க சொல்லாதீங்க."

அந்தக் கோலம் எப்படி இருக்கும் தெரியுமா? மகா கோணல்! பூரணிக்கு ஊர்ல எல்லா வேலையும் வரும், கோலம் மட்டும் வராது. புள்ளி ஒரு பக்கம் ஓடும், கோடு ஒரு பக்கம் ஓடும். ஏழாவது புள்ளி எப்பவும் வலப்பக்கம் ஒரு விரக்கடை தள்ளித்தான் விழும். அவ அம்மா கையைப் பிடிச்சுக் கத்துக் குடுத்தும் திருந்தல.

மொத நாள் பார்த்தா, கோலம் போட்டபடி இருக்கு, எறும்பு மொய்க்குது. ரெண்டாம் நாள் பார்த்தா, கோலம் போட்டபடி இருக்கு, எறும்பு மொய்க்குது. ஒரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு. வீமன் தினம் மீசையைத் தடவிப் பார்த்துப் பார்த்து பெருமூச்சு விட்டான். முருங்கையில பூ உதிர்ந்து பிஞ்சு விட்டுச்சு. பூரணிக்கும் மனசு கலங்கிடுச்சு, யாருக்கும் காட்டிக்கல. பிஞ்சைத் தொட்டுப் பார்த்துட்டு, "உன்னைச் சாம்பார்ல போடற வரைக்கும் இங்கதான் இருப்பேன்"னு மரத்துகிட்ட சொல்லிட்டு வந்தா.

தை பொறக்க ரெண்டு நாள் இருக்கறப்போ, மத்தியானம் வந்து பார்த்தா, கோலம் இருக்கு. ஆனா எறும்பு இல்ல.

ஒரு எறும்பு கூட இல்ல! வர்ற எறும்பு கோலத்தை மோந்து பார்க்குது, திரும்பிப் போகுது. பூரணி குனிஞ்சு பார்த்தா. பார்த்தவ அப்படியே உக்காந்துட்டா. கோலம் நேரா இருக்கு! ஏழாவது புள்ளி ஏழாவது இடத்துல இருக்கு! கம்பி பிடிச்ச மாதிரி கோடு! "ஐயையோ, என் கையால இந்தச் சென்மத்துல இப்படிப் போட முடியாதே"ன்னு வாயைப் பொத்திக்கிட்டா.

என்ன நடந்துச்சு? நான் சொல்றேன். திருடன் வந்தான், கோலத்தைத் தாண்டி உள்ள போனான். வர்றப்போ கையில கனத்த பை, பை தரையில இழுபட்டு கோலம் அழிஞ்சு போச்சு. அழிஞ்ச கோலத்தைப் பார்த்தா சந்தேகம் வரும்னு, பையில இருந்த ஏதோ வெள்ளைப் பொடியை எடுத்து மறுபடி போட்டுட்டான். போட்டவன் இருந்தபடி போட்டுட்டுப் போயிருந்தா தப்பிச்சிருப்பான். கை சும்மா இருக்கல, நேராக்கிட்டுப் போயிட்டான்.

பூரணி அந்தப் பொடியை விரல்ல தொட்டா, நாக்குல வெச்சா, துப்பினா. நறநறங்குது, கல்லு! விரலைத் தன் பித்தளை வளையல்ல துடைச்சா. துடைச்ச இடம் மட்டும் பளபளன்னு மின்னுது! பித்தளையை இப்படி மினுக்கற பொடியைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியற ஆள் கன்னலூர்ல ஒருத்தர்தான். ஆங், இப்பச் சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க! அவரேதான், சாமர்த்தியலிங்கம்!

பழைய சின்னப் பூட்டுலேர்ந்து எல்லாம் அவர் கைவேலைதான், ஒவ்வொரு பூட்டுக்கும் ரெண்டு சாவி செஞ்சிருந்தார். ஒண்ணு ஆச்சி இடுப்புல, இன்னொண்ணு அவர் இடுப்புல. திருடறதும் அவரே, பூட்டு விக்கிறதும் அவரே. எப்பேர்ப்பட்ட வியாபாரம் பாரு!

பூரணி நேரா அரண்மனைக்குப் போனா. "மகாராஜா, நாளைக்கு சபையைக் கூட்டுங்க. ஆச்சி, பூட்டுக்காரர், ஊர் ஜனம் எல்லாரும் வரட்டும். நான் ஒரு கோலம் போடுவேன். நீங்க அதைப் பார்த்து ஆகா ஓகோன்னு புகழணும். மந்திரியும் புகழணும், ஆச்சியும் புகழணும். அவ்வளவுதான்."

"ஏன்?"னு கேட்டார் ராசா.

"நான்தான் ஏன்னு கேக்கறவ மகாராஜா. பதில் நாளைக்கு சபையில தானா வரும்."

ராசாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. ராசா எத்தனை பெரியவரானாலும் விளையாட்டுன்னா ஆசைதானே? சரின்னுட்டார்.

மறுநாள் அரண்மனை முற்றத்துல ஊரே கூடிடுச்சு. சாமர்த்தியலிங்கமும் வந்தார், சும்மா வரல, மாட்டு வண்டியில ஒரு பூட்டை ஏத்திக்கிட்டு வந்தார். ஆனைத்தலை அளவு பூட்டு! "மகாராஜா, இதை மாட்டினா இனிமே கன்னலூர்ல திருட்டே கிடையாது"ன்னார். அதை வண்டியிலேர்ந்து இறக்க ஆறு பேர் வேணும்.

பூரணி நடுவுல உக்காந்தா. அரிசி மாவை எடுத்தா, புள்ளி வெச்சா, கோடு இழுத்தா. அன்னிக்கு கோணல் அள்ளிக்கிட்டுப் போச்சு. சாமர்த்தியலிங்கம் பார்த்தார், முகம் சுளிச்சார்.

ராசா சொன்னார், "ஆகா, என்ன அருமையான கோலம்!" சாமர்த்தியலிங்கத்துக்கு ஒரு கண்ணு துடிச்சுது.

மந்திரி சொன்னார், "ஓகோ, ஒரு குத்தம் சொல்ல முடியுமா இதுல!" சாமர்த்தியலிங்கத்துக்கு ரெண்டு கண்ணும் துடிச்சுது. விரலெல்லாம் நமநமன்னு அரிச்சுது.

ஆச்சி சொன்னா, "புள்ளியெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இல்ல இருக்கு! இதுக்கு மேல நேரா போட மனுசனால முடியாது!"

அவ்வளவுதான். சாமர்த்தியலிங்கத்தால தாங்க முடியல. "நேரா? இதுவா நேரா?"ன்னு பாய்ஞ்சு வந்து குந்திக்கிட்டார். "உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கா? ஏழாவது புள்ளி வலப்பக்கம் ஒரு விரக்கடை தள்ளி நிக்குது பாருங்க! நேத்து நான் அவ்வளவு கஷ்டப்பட்டு நேராக்கி வெச்சும், இந்தப் பொம்பளை மறுபடியும் அதே இடத்துல அதே தப்பைப் பண்றாளே!"

ராசா மெதுவா முன்னால குனிஞ்சு கேட்டார்:

"நேத்தா? எங்கே?"

சாமர்த்தியலிங்கம் முழிச்சார். "அது... மண்டி வாசல்ல... காலையில அந்தப் பக்கம் போறப்போ..."

"காலையில மண்டி வாசல்ல போடறது ஆச்சி மருமக. அவ போடறது தாமரைக் கோலம்"னா பூரணி. "இந்தக் கோணல் கோலத்தை நான் மண்டியைப் பூட்டினதுக்கு அப்புறம் உச்சி வெயில்ல போடுவேன், ஆளுங்க வரதுக்கு முன்னால அழிச்சிடுவேன். இதைப் பார்த்தவங்க ரெண்டே பேருதான் மகாராஜா. போட்ட நானு, அழிச்சு நேராக்கின அவரு!"

சாமர்த்தியலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதுக்குள்ள இன்னொரு கூத்து நடந்துச்சு. கோலத்துக்கு வந்த எறும்புங்க அரிசி மாவை அப்படியே விட்டுட்டு, குந்தியிருந்தவர் காலு மேல ஏறி, வேட்டி மேல ஏறி, நேரா இடுப்பைப் பார்த்துப் போச்சு. அங்கதான் சாவிக்கொத்து இருந்துச்சு, வெல்லக் கையால தொட்டுத் தொட்டு பிசுபிசுன்னு. மனுசன் "ஆ!"ன்னார், "ஐயோ!"ன்னார், அப்புறம் எழுந்து நின்னு ஆடினார் பாரு ஒரு ஆட்டம், பொங்கலுக்குக் கூட அப்படி யாரும் ஆடினதில்ல! ஆடின ஆட்டத்துல இடுப்புலேர்ந்து சாவி விழுந்துச்சு. தேங்காய்ப் பூட்டுச் சாவி, ஆட்டுத்தலைப் பூட்டுச் சாவி, பூசணிப் பூட்டுச் சாவி. ஆச்சி இடுப்புல இருந்ததை எடுத்து வெச்சுப் பார்த்தா, அச்சு அசல் இரட்டைப் பிள்ளைங்க!

சேவகருங்க அவர் வீட்டுக்குப் போனாங்க. பரண்ல கூடையைப் பார்த்தாங்க. அடுத்த ஊர்ச் சந்தையில வித்தது போக ஏழு கூடை மிச்சம் இருந்துச்சு. வித்த மூணு கூடைக்கு ஈடா, வண்டியில வந்த ஆனைத்தலைப் பூட்டை உருக்கி ராவோட ராவா ஊருக்குப் பொங்கப்பானை செய்யச் சொன்னார் ராசா. பித்தளைப் பானை, எவ்வளவு பெருசு தெரியுமா? ஏணி வெச்சு ஏறித்தான் அரிசி போடணும்.

அப்புறம் ராசா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வீமன்கிட்ட வந்தார். "மீசையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிட்டேன் வீமா. தப்பு என்னுது"ன்னு சொல்லி, தன் கையாலயே அவன் மீசையை முறுக்கி விட்டார். வீமன் அழுதான். இந்தத் தடவை சந்தோசத்துல.

"பூரணி, இவருக்கு என்ன தண்டனை குடுக்கலாம்? நீயே சொல்லு"ன்னார் ராசா.

பூரணி யோசிச்சா. "அடிக்க வேண்டாம் மகாராஜா, கட்டி வைக்கவும் வேண்டாம். ஒரு வருசம் தினம் உச்சி வெயில்ல மண்டி வாசல்ல அரிசி மாவுல கோலம் போடட்டும். ஆனா கோணலாத்தான் போடணும். நேராப் போட்டா அழிச்சுட்டு மறுபடி போடணும்."

ஐயோ பாவம் சாமர்த்தியலிங்கம்! அடிச்சிருந்தாக்கூட ஒருநாள்ல ஆறியிருக்கும். தினம் மத்தியானம் உக்காருவார், புள்ளி வைப்பார், கை தானா நேராப் போயிடும். பூரணி வந்து பார்ப்பா. "நேரா இருக்கே, அழிங்க"ம்பா. மறுபடி போடுவார், மறுபடி நேரா. "அழிங்க"ம்பா. மூணாவது தடவை கண்ணை மூடிக்கிட்டு கோணலாப் போட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காம ஓடுவார். எறும்புங்க மட்டும் கோணலா நேரான்னு பார்க்காம வந்து சாப்பிட்டுச்சு.

தை மொத நாள் புதுப்பானையில பொங்கல் பொங்கி வழிஞ்சுது. "பொங்கலோ பொங்கல்!"னு ஊரே கத்தினதுல வீமன் தலையில ஒரு பல்லி விழுந்துச்சு, "ஐயோ பூரணி!"ன்னு அவனும் சேர்ந்து கத்தினான். அப்புறம் ஆச்சி மண்டிக்கு ஒரு சின்னப் பூட்டே போதும்னுட்டா, இடுப்பும் நிமிர்ந்துச்சு. மத்தியானத்துல ரெண்டு பேர் காவல் நிக்க, மத்தவங்க முறை வெச்சு சாப்பிடப் போனாங்க. மாசத்துக்கு ஒரு தரம் பூரணி எலியா ஒரு சுத்து, மழையா ஒரு சுத்து, எறும்பா ஒரு சுத்து, திருடியா ஒரு சுத்து சுத்தி வந்தா. அதுக்கப்புறம் அவளை யாரும் அசடுன்னு சொல்லல. சொன்னாலும் அவ "ஏன்?"னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. முருங்கைக்காய் அந்த வருசம் அப்படிக் காய்ச்சுது, ஊருக்கே சாம்பார்.

அதனால பிள்ளைங்களா, பயம் வந்தா பூட்டு வாங்க ஓடாதே, மொதல்ல ஓட்டை எங்கேன்னு தேடு. பூட்டைப் பார்க்கும்போது சாவி எத்தனைன்னும் கேளு.

எறும்பு ஏறி இறங்கிப் போச்சு, வெல்லம் நாக்குல கரைஞ்சு போச்சு, கேட்ட காதுக்குக் கதை ஆச்சு, சொன்ன வாய்க்கு ஒரு கட்டி வெல்லம் வரல இன்னும். போ, போய் எடுத்துட்டு வா!